உயிருள்ள உடல் ஒன்று

எங்கள் கர்னலைக் கழட்டு கர்னல் என்று சொன்னால்தான் ராணுவத்தில் எவருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் அப்படி அழைத்ததில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டார் என்பது, பதினோரு வருடம் அவரிடம் ஹெட் கிளார்க்காக இருந்த என் கணிப்பு.

ராணுவப் போலீஸை யாருக்கும் பிடிக்காது. ஊர்ப் போலீஸைக் கண்டால் திருடன் ஒதுங்குவான். எங்களைக் கண்டால் சிப்பாய் முதல் மேஜர் வரை எல்லாரும் ஒதுங்குவார்கள். லீவு முடிந்தும் திரும்பாதவனைத் தேடிப் பிடிப்பது, குடித்துவிட்டுக் கடைத்தெருவில் கலாட்டா செய்பவனை அள்ளிக்கொண்டு வருவது, பிடித்தவனை விசாரணை வரை பூட்டி வைப்பது, இதெல்லாம் எங்கள் பிழைப்பு. அதிகாரிகள் மெஸ்ஸுக்குள் கர்னல் நுழைந்தால் பேச்சு சட்டென்று மழைக்கும் வெயிலுக்கும் தாவிவிடும். அவர் மனைவி ஒருமுறை என்னிடம், "இவருக்கு வாக்கப்பட்டதுக்கு ஒரு கலங்கரை விளக்குக் காவல்காரனுக்கு வாக்கப்பட்டிருக்கலாம், அங்கயாவது கப்பல் வரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாதிதான் சிரிப்பு.

கழட்டு என்ற பெயர் வந்தது ஒரு ரசீதால். ஒரு படைப்பிரிவு தன் கைதியை எங்களிடம் ஒப்படைத்தால் நாங்கள் ரசீது கொடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வாசகம் இது: "உயிருள்ள உடல் ஒன்று, நல்ல நிலையில் பெறப்பட்டது." ஆள் என்றோ மனிதன் என்றோ போடமாட்டார்கள். கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து அந்த உடலுக்கு என்ன ஆனாலும் எங்கள் தலையில்தான் விடியும்.

கர்னல் லெப்டினன்டாக இருந்த காலத்தில் அப்படி ஒருவனை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சட்டைக்குள்ளே விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. அடித்தவர்கள் ரசீதைக் காட்டித் தப்பித்துக்கொண்டார்கள். அன்று காவலில் நின்ற ஒரு சிப்பாய்தான் அடித்தான் என்று முடிவாகி அவன் வேலை போயிற்று. லெப்டினன்டுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான் நடந்தது.

அந்தச் சிப்பாயை அவர் மறக்கவில்லை. அதிகாரம் கைக்கு வந்ததும் ரசீதையே மாற்றி எழுதினார். கைதி வந்தவுடன் சட்டையைக் கழட்ட வேண்டும். முன்னும் பின்னும் பார்த்து, காயம் இருந்தால் எழுத வேண்டும். கடைசியாக, சட்டை மறைக்கும் இடத்தில் இருக்கும் மச்சமோ தழும்போ ஒன்றை ஏழாவது கட்டத்தில் குறிக்க வேண்டும். இந்த ஏழாவது கட்டம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு, சோம்பேறிகளுக்கு வைத்த பொறி. "அதை எழுதணும்னா கழட்டித்தான்யா ஆகணும், வேற வழியே கிடையாது" என்பார்.

புது விதி வந்த வாரம் முப்பது சார்ஜன்ட்டுகளுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. மாதிரிக் கைதி வேண்டுமே, ஆபீஸில் இளிச்சவாயன் யார் என்று பார்த்தார், நான் அகப்பட்டேன். சட்டை இல்லாமல் மேஜைமேல் நின்றேன். கர்னல் குச்சியால் என் தொந்தியைத் தொட்டு, "இது காயமில்லை, கிளார்க்கோட இருபது வருஷ உழைப்பு" என்றார். முப்பது பேரும் சிரித்தார்கள். பிறகு முப்பது பேரும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து ஏழு கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். கர்னல் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் சிவப்புப் பேனாவால் திருத்தினார். இது நடந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

எங்கள் காவல் கொட்டடியின் பொறுப்பு ஒரு சார்ஜன்ட்டிடம் இருந்தது. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர், அதனால் அவருக்குப் பூட்டு என்று பெயர். கைதியிடம்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். கர்னலைக் கடவுளுக்கு ஒரு படி கீழே வைத்திருந்தார். ஒரு படிதானா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த நாளுக்கு வருகிறேன். மத்தியானம் தலைமையகத்திலிருந்து போன் வந்தது. ராணுவப் போலீஸ் முழுவதற்கும் தலைவராகக் கர்னலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெனரல் பார்க்க வேண்டுமாம். போனை வைத்துவிட்டு வெளியே வந்து எல்லாருக்கும் டீ சொன்னார். பதினோரு வருடத்தில் அவர் வாங்கிக் கொடுத்து நான் குடித்த முதல் டீ அது. யாருக்கும் பிடிக்காத வேலையை இருபத்தேழு வருடம் ஒழுங்காகச் செய்த மனுஷன், ஒரே ஒரு நாள் சந்தோஷமாக இருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

நாலு மணிக்கு அவர் ஜீப்பில் ஏறும்போது வாசலில் இன்னொரு வண்டி வழியை மறித்து நின்றது. வேறொரு படைப்பிரிவின் கேப்டன், இரண்டு சிப்பாய்கள், நடுவில் ஒரு கைதி. கைதி சமையல்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவிக்கு ஆபரேஷன் என்று லீவு கேட்டிருக்கிறான், கிடைக்கவில்லை, சொல்லாமல் போய்விட்டான். ஒன்பது நாள் கழித்து அவன் ஆட்களே வீட்டில் போய்ப் பிடித்து வந்திருந்தார்கள். பூட்டு அந்த நேரம் உள்ளே கொட்டடியில் இருந்தார். ரொம்ப தூரம் திரும்பிப் போகணும் சார், நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் கிளம்பிவிடுவோம் என்று கேப்டன் குழைந்தான்.

கர்னலின் பையைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஜீப் பானட்மேல் ரசீதை வைத்து எழுதத் தொடங்கினேன். அதிகாரி பார்த்துச் சொல்வார், கிளார்க் எழுதுவான், அதுதான் முறை. நல்ல வெயில். சமையல்காரன் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தான். நான் அதைக் கவனித்தேன். இந்த வெயிலில் ஏன் இப்படிப் போட்டிருக்கிறான் என்று ஒரு நொடி தோன்றவும் செய்தது. அந்த ஒரு நொடி எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

ஆறு கட்டம் முடிந்தது. காயம்: இல்லை. ஏழாவதில் பேனா நின்றது. கர்னல் ஒரு காலை ஜீப்பில் வைத்திருந்தார்.

"என்னய்யா?"

"ஏழாவது கட்டம், சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், சமையல்காரனைப் பார்த்தார், நேரமாகிவிட்டது என்று முனகினார். அது உத்தரவு இல்லை. யோசனை சொன்னது நான்தான்.

"இடது தோள்ல ஒரு மச்சம்னு போட்டுக்கறேன் சார். எல்லாருக்கும் எங்கயாவது ஒண்ணு இருக்கத்தானே செய்யும்."

கர்னல் என்னை ஒரு பார்வை பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரித்தார். கையெழுத்துப் போட்டார். கேப்டன் ரசீதின் நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான், வாசல் காவல்காரன் சமையல்காரனைக் கொட்டடிக்கு அழைத்துப்போனான், நாங்களும் கிளம்பிவிட்டோம்.

மீதியைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கர்னலே பார்த்துக் கையெழுத்துப் போட்ட ரசீது என்பதால் பூட்டு மறுபடி சட்டையைக் கழட்டவில்லை. ஐந்து மணிக்குச் சமையல்காரன் வயிறு வலிக்கிறது என்றான். பூட்டு உடனே டாக்டருக்கு ஆள் அனுப்பினார். டாக்டர் வந்து சட்டையைத் திறந்தபோது வயிறும் முதுகும் கறுத்துக் கிடந்தன. உள்ளே மண்ணீரல் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

நாங்கள் ஜெனரலைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பூட்டு வாசலிலேயே நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், நீங்க கழட்டிப் பாத்தப்போ இதெல்லாம் இல்லதானே?"

அதில் சந்தேகமே இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. கர்னல் தொப்பியைக் கழட்டிக் கையில் வைத்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை. பேசாமல் இருந்தாலே இல்லை என்றுதான் அர்த்தம் என்று பூட்டு எடுத்துக்கொண்டார். நேரே உள்ளே போய், காவலில் இருந்த தன் ஆட்கள் இருவரையும் நிறுத்தி, உங்களில் யார் அடித்தது என்று கேட்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் அழுதார்கள். கர்னல் கண்ணால் பார்த்ததைவிட அந்தப் பையன்களின் அழுகையா பெரிது என்று அவருக்கு. நான் என் அறைக்குப் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தேன். வியர்வை நிற்கவில்லை.

மறுநாள் காலை உத்தரவு வந்தது: கொலைக் குற்றத்தில் சார்ஜன்ட்டைக் காவலில் வைக்கவும். அவர் பொறுப்பில் இருந்த கொட்டடியிலேயே அவரை அடைக்க வேண்டியதாயிற்று. ரசீதை நான் எழுதினேன். இந்த முறை கர்னல் ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். பூட்டு சட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லாமலேயே திரும்பி முதுகைக் காட்டினார். ஏழாவது கட்டத்தில், வலது மார்பில் பழைய தீக்காயத் தழும்பு என்று எழுதினேன். உள்ளே போகும்முன் அவர் சாவிக்காரனிடம், "மூணாம் நம்பர் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும்பா. சாவியை லேசா மேல தூக்கித் திருப்பு" என்று சொல்லிக்கொடுத்தார்.

விசாரணைக்கு முன் எழுத்து வாக்குமூலம் கேட்டார்கள். கேப்டன் இரண்டு பக்கம் எழுதினான்: கர்னல் கைதியின் சட்டையைக் கழட்டி, முறைப்படி சோதித்து, மச்சத்தையும் குறித்து, ரசீது கொடுத்தார். எங்கள் கர்னல் எழுதியது ஒரே வரி: ரசீதில் உள்ளது என் கையெழுத்துதான். அது உண்மை. உண்மையைக்கூட இப்படி எழுத முடியும் என்று டைப் அடிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பன்னிரண்டு நாள் நாங்கள் இருவரும் ஒரே வராந்தாவில் நடமாடினோம், அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தினமும் காலையில் கிளம்புவேன். சாயங்காலம் மென்று முழுங்கிவிட்டு வீட்டுக்கு வருவேன். என் மனைவி, "உங்களுக்கு என்னங்க வந்துச்சு? சொல்றதை எழுதறவர்தானே நீங்க" என்று சமாதானம் சொன்னாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

பூட்டின் மனைவி ஒரு நாள் என் மேஜைக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, வீட்ல ஒரு கரப்பான்பூச்சியக் கூட அடிக்கமாட்டாரு. நான்தான் அடிப்பேன். ஜெயில்ல போய்ப் பாத்தா, கர்னல் ஐயா பாத்து எழுதினா தப்பே இருக்காதுன்னு இவரே சொல்றாரு. அப்ப யாருண்ணே அடிச்சா? நீங்க அங்கதானே இருந்தீங்க?"

எல்லாம் நல்லபடியாக முடியும், பொறுமையாக இரும்மா என்றேன். தண்ணீர் கொடுத்தேன். அண்ணே என்று கூப்பிட்ட ஒருத்திக்கு நான் செய்தது ஒரு தம்ளர் தண்ணீர்தான். அவள் போன பிறகு என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள் பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. கர்னல் அதை என் மேஜையருகே நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் நீண்ட நேரம் நின்றார். பிறகு மூடி என்னிடம் கொடுத்தார். அவர் போனதும் நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அறிக்கையை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். தலைவர் ஒரு பிரிகேடியர், கர்னலோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர். நடவடிக்கைகளை டைப் அடிக்க என்னையே உட்கார வைத்தார்கள். ரசீதை எழுதியவனே விசாரணையை எழுதுகிறானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கிளார்க்கை யார் ஆளாகக் கணக்கில் வைக்கிறார்கள்?

மூலையில் நாற்காலியில் பூட்டு உட்கார்ந்திருந்தார், பெல்ட் இல்லாமல். ரசீதில் கைதி நல்ல நிலை, செத்தபோது உடம்பெல்லாம் காயம், இடையில் இரண்டு மணி நேரம் பூட்டின் பொறுப்பு. மூவரும் மனதில் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கர்னலைக் கூப்பிட்டது ஒரு சம்பிரதாயம்.

கர்னல் எழுந்து, "அன்னிக்கு நான் சட்டையைக் கழட்டிப் பாக்கலை" என்றார்.

பிரிகேடியர் என்னைப் பார்த்து, "இதை அடிக்காதே" என்றார். பிறகு நண்பனிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தன் ஆளைக் காப்பாற்ற நினைப்பது பெரிய மனசுதான், ஆனால் அதற்காகச் செய்யாத தப்பை ஒப்புக்கொள்வது சரியில்லை, அடுத்த வாரம் பதவி ஏற்க வேண்டியவர் யோசித்துப் பேச வேண்டும் என்றார். கர்னல் அதையே மறுபடி சொன்னார்.

"யாரு நம்புவா?" என்றார் பிரிகேடியர். "உங்க பேரே கழட்டு கர்னல்தானேய்யா."

முதன்முதலாக ஒருவர் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னார். கர்னலின் கழுத்து சிவந்தது. இருபத்தேழு வருடம் சேர்த்த நல்ல பெயர், இன்று மூலையில் இருக்கும் ஒருவனின் கழுத்தை இறுக்குகிறது. அதைத் தளர்த்த அவருடைய வார்த்தைக்குக்கூடப் பலம் இல்லை. நான் வாயைத் திறந்திருந்தால் பலம் வந்திருக்கும். நான் அங்கே இருந்தேன், பார்த்தேன். என் விரல்கள் கீபோர்டின் மேல் கிடந்தன.

கர்னல் என்னைப் பார்க்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை எடுக்கச் சொன்னார். பிரிகேடியரே சத்தமாகப் படித்தார்: இடது மேற்கையில் தடுப்பூசித் தழும்பு, உடலில் வேறு மச்சமோ பிறவிக்குறியோ எதுவும் இல்லை.

"இப்ப ரசீதுல ஏழாவது கட்டத்தைப் படிங்க" என்றார் கர்னல். "இல்லாத மச்சத்தை நான் எப்படிப் பாத்திருக்க முடியும்?"

பிரிகேடியர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். கவனக்குறைவு என்றால் ஒரு கண்டனத்தோடு போகும். இது பொய்ப் பதிவு. அவர் முகத்தில் நண்பன் போய் அதிகாரி வந்தது தெரிந்தது.

"அப்ப இந்த மச்சம் எங்கேருந்து வந்துச்சு?"

"நானாச் சொன்னேன். கிளார்க் எழுதினார்."

பிரிகேடியர் என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானே?"

மூலையிலிருந்து பூட்டும் என்னைப் பார்த்தார். இல்லை சார், நான்தான் சொன்னேன் என்ற நாலு வார்த்தை என் தொண்டை வரை வந்தது. எட்டு மாதம் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஆமாம் சார்" என்றேன். கேள்வியையும் பதிலையும் டைப் அடித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

அன்று சாயங்காலமே பூட்டை விடுவித்தார்கள். கேப்டனும் அந்த இரண்டு சிப்பாய்களும் உள்ளே போனார்கள். அவர்கள்தான் வழியில் வண்டியை நிறுத்திச் சமையல்காரனை மிதித்திருக்கிறார்கள். பூட்டின் மனைவி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்க உண்மையைச் சொன்னதாலதான் அண்ணே என்று அழுதாள். பூட்டு வரவில்லை. கர்னலையும் அவர் போய்ப் பார்க்கவில்லை. தான் மிரட்டிய அந்த இரண்டு காவல்காரர்கள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் போகவே, மாற்றல் கேட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

கர்னலுக்கு ராணுவ நீதிமன்றம் நடந்தது. தலைவர் பதவி போயிற்று. ஒரு படி பதவியைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மேல் ஒரு தூசுகூட விழவில்லை. கேன்டீனில் என் தோளைத் தட்டி, நீ மச்சக்காரன்யா என்றார்கள். பிடித்திருந்த தம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அவர் கிளம்பிய நாளன்று சாமான் அதிகம் இல்லை. இரண்டு பெட்டி, ஒரு மேஜை விளக்கு. பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கர்னல் சாதாரண உடையில் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தார். அன்றைக்கும் வெயில். பெட்டி சுமந்ததில் வியர்த்து, நான் மேல் பட்டன் இரண்டைத் திறந்துவிட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். பக்கத்தில் வந்து, நகர்ந்திருந்த என் காலரை இடது பக்கம் இழுத்துச் சரி செய்தார்.

"பட்டனைப் போட்டுக்கோய்யா" என்றார். "யாராவது பாத்துடப் போறாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று ஜீப் பக்கத்தில் அவசரத்துக்கு ஒரு மச்சம் தேவைப்பட்டபோது என் நாக்கில் வந்தது, தினமும் குளிக்கும்போது நான் பார்க்கும் மச்சம்தான். என் இடது தோளில், எலும்புக்குக் கீழே, மிளகு அளவில் இருக்கிறது. மேஜைமேல் நிற்கவைத்து அதைப் பார்த்த முப்பது பேரும் மறந்துவிட்டார்கள். முப்பது தாளையும் திருத்தியவர் மறக்கவில்லை. விசாரணையில் என் சட்டையை ஒருமுறை கழட்டச் சொல்லியிருந்தால் போதும், அந்த மச்சம் யாருடையது என்று மூவருக்கும் தெரிந்திருக்கும். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் சட்டையைக் கழட்டியவர் என் சட்டையை மட்டும் விட்டுவிட்டார்.

வண்டி கேட்டைத் தாண்டும்வரை நின்றேன். பட்டன் இரண்டையும் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.